வெள்ளரிக் குடிலில் வேட்டைப்பேன்: மூன்றாம் முறை பிடித்த கதை

என் பசுமைக்குடிலில், கதவை ஒட்டிய வரிசையில்தான் முதலில் கண்ணில் பட்டது. வெள்ளரி இலையின் மேற்புறம் ஊசி முனையால் குத்தினாற்போல வெளிறிய புள்ளிகள். சத்துக் குறைவாக இருக்கும் என்று இரண்டு நாள் சும்மா விட்டேன். மூன்றாம் நாள் இலையைத் திருப்பி, கைலென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தால், நரம்போரமாக ஒரு ஊரே குடியிருக்கிறது. முதுகில் இரண்டு கரும்புள்ளி வைத்த வெளிர்மஞ்சள் பேன்கள், பக்கத்தில் கண்ணாடி மணிபோல் உருண்டை முட்டைகள், உரித்துப் போட்ட வெள்ளைத் தோல்கள், அதன்மேல் மெல்லிய நூலாம்படை. இரட்டைப்புள்ளி சிலந்திப்பேன், டெட்ரானிகஸ் அர்ட்டிகே. அரை மில்லிமீட்டர்கூட முழுதாக இருக்காது.

அதை வரவழைத்ததே நான்தான். மூன்று வாரம் முன்பு இலைப்பேன் (த்ரிப்ஸ்) என்ற பூச்சிக்காகச் செயற்கைப் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து ஒன்றைக் குடில் முழுக்க அடித்திருந்தேன். சிலந்திப்பேன் பூச்சியே இல்லை. எட்டுக் கால், சிலந்தியின் உறவு. பூச்சிக்கு அடிக்கும் மருந்து பலவும் அதை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அதைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த சின்னச் சின்ன உயிர்களை அந்த மருந்து சுத்தமாகத் துடைத்துவிட்டது. காவல்காரனை நானே அனுப்பிவிட்டு, கதவையும் திறந்து வைத்த மாதிரி.

திரும்ப மருந்துக்குப் போக மனமில்லை. 25 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த பேனாக அதற்குப் பத்து நாள் போதும். 30 டிகிரியில் ஒரு வாரத்துக்குச் சற்று மேல். அவ்வளவு வேகமாகத் தலைமுறை மாறும் உயிருக்கு மருந்து பழகிப்போகவும் அதிக நாள் ஆகாது. அதனால் சிலந்திப்பேனைத் தின்னும் இன்னொரு பேனை, வேட்டைப்பேனை, விடுவது என்று முடிவு செய்தேன். இரைவிழுங்கிப் பேன் என்று புத்தகங்களில் எழுதுவார்கள். வேட்டைப்பேன் என்பது நான் வைத்துக்கொண்ட பெயர்.

எடுத்துக்கொண்டது ஃபைட்டோசீயுலஸ் பெர்சிமிலிஸ். இனி பெர்சிமிலிஸ் என்றே எழுதுகிறேன். இது வந்த வழியே ஒரு வேடிக்கை. 1958-இல் சிலியிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஆர்க்கிட் செடிகளோடு, யாரும் கூப்பிடாமலே ஒட்டிக்கொண்டு போய் இறங்கியது. அங்கிருந்துதான் ஆய்வுக்கூடங்களுக்கும் பிற நாடுகளுக்கும் பரவியது. நெதர்லாந்தில் யான் கோப்பர்ட் என்ற வெள்ளரி விவசாயி 1960களின் கடைசியில் இதைத் தன் குடிலில் விட்டுப் பார்த்து, பிறகு அதையே தொழிலாக்கினார். அவரும் வெள்ளரி, நானும் வெள்ளரி. அந்த ஒரு பொருத்தத்தை நம்பித்தான் இறங்கினேன்.

என் குடிலில் எட்டு வரிசை, வரிசைக்கு நாற்பது கொடி. வாங்கியது 2,000 பேன் உள்ள ஒரு புட்டி. பனிப்பையோடு பெட்டியில் வந்தது. உள்ளே வெர்மிகுலைட் என்ற இலேசான கனிமத் துகள், அதற்குள் பேன்கள். புட்டியைக் குலுக்கக்கூடாது, படுக்கவைத்து மெதுவாக உருட்ட வேண்டும். இல்லாவிட்டால் பேனெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு, முதல் வரிசைக்கு ஆயிரமும் கடைசி வரிசைக்கு வெறும் துகளும்தான் விழும். அதைச் சரியாகவே செய்தேன். இலை இலையாகச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினேன். ஐந்தாம் நாள் நூறு இலைக்கு மேல் திருப்பிப் பார்த்தேன். ஒரு வேட்டைப்பேன்கூட இல்லை. சிலந்திப்பேன் மட்டும் சௌக்கியமாக இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு, செத்த சரக்கை அனுப்பிவிட்டார்கள் என்று நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பப் போகிற நேரத்தில் ஒரு சந்தேகம். புட்டி வந்தபோது பேன் உயிரோடு இருந்ததா என்று நான் பார்த்தேனா? பார்க்கவில்லை. ஒரு சிட்டிகையை வெள்ளைத்தாளில் கொட்டி ஒரு நிமிடம் லென்ஸில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பெர்சிமிலிஸ் பேரிக்காய் வடிவம், ஆரஞ்சு கலந்த சிவப்பு, எண்ணெய் தடவினாற்போல மினுக்கும், நிற்காமல் ஓடும். சிலந்திப்பேன் அசைந்து அசைந்து நகரும், அவ்வளவுதான். ஓட்டத்தை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம். இப்போது புட்டி வந்தவுடன் முதல் வேலை வெள்ளைத்தாள்தான். அந்தக் கடிதம் இன்னும் அனுப்பாமல் கிடக்கிறது.

அடுத்த சந்தேகம் என் மருந்துமேல் வந்தது. பைரித்ராய்டு எச்சம் வேட்டைப்பேனை எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரைகூடக் கொல்லும். தெளித்து ஒரு மாதம்கூட ஆகாத இலையில் நான் அவற்றை இறக்கிவிட்டிருக்கிறேன். ஊகத்தோடு நிற்காமல் ஒரு சோதனை வைத்தேன். வேட்டைப்பேன் விட நினைக்கும் எவரும் முதலில் இதைச் செய்யவேண்டும் என்பேன். இரண்டு தட்டையான தட்டுகள், தண்ணீரில் ஊறவைத்த பஞ்சு, பொடி வேலைக்கான ஓவியத் தூரிகை, லென்ஸ், இவ்வளவுதான் செலவு.

ஒரு தட்டில் என் கொடியின் நடு இலை. இன்னொன்றில், மருந்தே படாத இடத்தில் தொட்டியில் வளர்த்த பீன்ஸ் இலை. இரண்டையும் ஈரப் பஞ்சின்மேல் அடிப்பக்கம் மேலே பார்க்கக் கவிழ்த்தேன். விளிம்பைச் சுற்றி ஈரப்பஞ்சு ஒரு அகழிபோல் இருந்தால் பேன் தப்பி ஓடாது. இரண்டிலும் கொஞ்சம் சிலந்திப்பேனை விட்டு, தூரிகை முனையை நனைத்து, புதிதாக வாங்கிய சின்னப் புட்டியிலிருந்து பத்துப் பத்து வேட்டைப்பேனை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அந்த ஓட்டத்தில் அதைத் தூரிகையில் ஏற்றுவதற்குள் கை நடுங்கிவிட்டது. மறுநாள் காலை பீன்ஸ் இலையில் பத்தும் நடமாடின, முட்டையும் வைத்திருந்தன. வெள்ளரி இலையில் ஏழு செத்துக் கிடந்தன. மீதி மூன்றும் மல்லாந்து காலை உதைத்துக்கொண்டிருந்தன.

சரி, குற்றவாளி அகப்பட்டாயிற்று. ஆனால் எச்சம் போகும்வரை பன்னிரண்டு வாரம் காத்திருந்தால் பயிர்க்காலமே முடிந்துவிடும். வெள்ளரியில் ஒரு வசதி உண்டு. கொடி மேலே மேலே புது இலை விட்டுக்கொண்டே போகும், கீழிலையைக் கழிக்கலாம். கொடியைக் கயிற்றில் இறக்கிச் சுற்றி, மருந்து பட்ட இலைகளைக் கட்டம் கட்டமாக உருவினேன். அதுவரை சிலந்திப்பேனைச் சோப்புக் கரைசலால் சமாளித்தேன். சோப்பு மேலே பட்டால்தான் கொல்லும், காய்ந்தபிறகு எச்சம் எதுவும் நிற்காது. அடிப்பக்கம் நனையும்படி குனிந்து நிமிர்ந்து அடிக்க வேண்டும். மேலே மட்டும் அடித்தால் முதுகுவலிதான் மிச்சம். தெளித்த எட்டாம் வாரம் மறுபடி தட்டுச் சோதனை வைத்தேன். பத்தில் ஒன்பது பிழைத்தன.

இரண்டாம் முறை விட்டேன். இம்முறை பேன் சாகவில்லை, ஆனால் பெருகவும் இல்லை. ஒரு வாரம் கழித்தும் விட்ட எண்ணிக்கையைவிடக் குறைவாகத்தான் தெரிந்தது. லென்ஸில் தேடியபோது வேட்டைப்பேன் முட்டைகள் அகப்பட்டன. இதைப் பிரித்தறியக் கற்றுக்கொள்ளுங்கள்: சிலந்திப்பேன் முட்டை உருண்டை, நிறமற்றது. வேட்டைப்பேன் முட்டை நீள்வட்டம், இலேசான இளஞ்சிவப்பு, அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிது. நான் பார்த்த முட்டைகள் பல, காற்றுப்போன பந்துபோல ஒரு பக்கம் குழிந்து கிடந்தன.

காரணம் வறட்சி. ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இந்த முட்டைகள் சரியாகப் பொரிப்பதில்லை. என் ஈரப்பதமானி நல்ல எண்தான் காட்டிக்கொண்டிருந்தது. அதை மாட்டியிருந்த இடம் கதவருகே, தண்ணீர்த் தொட்டிக்குமேல்! எடுத்துக்கொண்டுபோய் வரிசை நடுவில், இலை மட்டத்தில் தொங்கவிட்டால், பிற்பகலில் 44. அன்று முதல் முற்பகலிலும் பிற்பகலிலும் நடைபாதையை நனைத்தேன். மேல் சன்னலைத் திறந்துவிட்டு, காற்று வரும் பக்கத்துச் சன்னலைப் பாதி சாத்தினேன். எண் 65-ஐத் தொட்டது. கருவி எங்கே தொங்குகிறது என்பது கருவியைவிட முக்கியம் என்று அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் முறை. இதைத்தான் நாளேட்டில் ஒழுங்காக எழுதி வைத்தேன்.

விடுவதற்கு முன், மோசமான கொடிகளில் சிவப்பு உடைக்கவ்வி மாட்டினேன். பேன் தாக்குதல் குடில் முழுக்கச் சமமாக இருக்காது. திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், பெரும்பாலும் வெயில் படும் வறண்ட மூலையில். எல்லாக் கொடிக்கும் சமமாகத் தூவுவது பார்க்கத்தான் நியாயம். கவ்வி மாட்டிய இடத்தில், பத்துச் சிலந்திப்பேனுக்கு ஒரு வேட்டைப்பேன் என்ற கணக்கில் கொட்டினேன். மற்ற இடத்தில் பெயருக்கு ஒரு சிட்டிகை. வெயில் தாழ்ந்தபிறகு விட்டேன். இலைகள் ஒன்றையொன்று தொடுமாறு கொடிகளை நெருக்கிவிட்டேன். இவற்றுக்கு இறக்கை கிடையாது, பாலம் வேண்டும்.

எண்ணும் முறையும் எளிது. ஒவ்வொரு முறையும் நாற்பது இலை. பேனை எண்ணவில்லை, இந்த இலையில் சிலந்திப்பேன் உண்டா, வேட்டைப்பேன் உண்டா என்று இரண்டு கோடு மட்டும். பேனை எண்ண ஆரம்பித்தால் நான்காவது இலையிலேயே வெறுத்துவிடும்.

நான்காம் நாள்: 31 இலையில் சிலந்திப்பேன், 4 இலையில் வேட்டைப்பேன்.

ஒன்பதாம் நாள்: 33, 14. மொத்த அனுபவத்திலும் கெட்ட நாள் இதுதான். நூலாம்படை முன்பைவிட அடர்ந்துவிட்டது. இரண்டு கொடிகளின் நுனியில் சிலந்திப்பேன்கள் திரண்டு, பழுப்புநிறக் கொத்தாகத் தொங்கின. பார்க்க வந்த நண்பர், “இன்னும் மருந்து அடிக்காம என்ன வேடிக்கை பாக்கற?” என்றார். தெளிப்பான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அந்த இரண்டு நுனிகளை மட்டும் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டிவிட்டு, அவரை டீ குடிக்க அழைத்துப் போய்விட்டேன். அவருக்கு நான் காட்டாதது அந்த இரண்டாவது எண். நான்கு பதினான்கு ஆகியிருந்தது. இருபது டிகிரிக்கு மேலே இருந்தால் பெர்சிமிலிஸ் சிலந்திப்பேனைவிட வேகமாகத் தலைமுறை மாற்றும், பிறப்பவற்றில் பெண்ணும் ஆணும் ஏறக்குறைய நான்குக்கு ஒன்று. பந்தயத்தில் பின்தங்கி ஓடினாலும் எட்டிப் பிடிக்கும் வேகம் அதற்கு உண்டு.

அன்று மாலை ஒரு இலையைப் பறித்து, ஈரப்பஞ்சில் கவிழ்த்து, அரைமணி நேரம் ஒரே ஒரு வேட்டைப்பேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குக் கண் கிடையாது. முன்னங்கால் இரண்டையும் குருடன் கோல்போலத் தட்டித் தட்டி நூலாம்படைக்குள் நுழைகிறது. மற்றப் பூச்சிகள் சிக்கிக்கொள்ளும் அந்த நூலுக்குள் இது தன் வீடுபோல ஓடுகிறது. ஒரு முட்டை காலில் தட்டுப்பட்டது. நின்றது. இரண்டு முறை தொட்டுப் பார்த்தது. பிறகு வாயை வைத்து அழுத்திப் பிடித்தது. உருண்டை மெல்லச் சுருங்கி, கசங்கிய கண்ணாடித்தாள் துண்டுபோல ஆயிற்று. அதைப் போட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தது. ஒரு நாளில் இருபது முட்டை வரை, அல்லது வளர்ந்த பேன் ஐந்து வரை தின்னும் என்பது படித்த கணக்கு. அந்த அரைமணியில் இரண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

கண்ணில்லாமல் கொடியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? செடிதான் கூப்பிடுகிறது. சிலந்திப்பேன் கடித்த பீன்ஸ், வெள்ளரி இலைகள் தனி வாசனை ஒன்றை வெளிவிடுகின்றன. கடிபடாத இலையில் அது இருப்பதில்லை. பெர்சிமிலிஸ் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. 1980களில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். தக்காளி போட்டிருப்பவர்கள் மட்டும் இதை நம்பி அவசரப்படவேண்டாம். அந்தத் தண்டிலும் இலையிலும் இருக்கும் பிசின் ரோமங்களில் இதன் கால் ஒட்டிக்கொண்டு வேலை மந்தப்படும்.

பதினான்காம் நாள்: 22, 19.

இருபத்தோராம் நாள்: 6, 11. நூலாம்படை அப்படியே இருந்தது, உள்ளே தூசியும் வெற்றுத்தோலும் மட்டும். பழைய இலையின் புள்ளிகள் மறையவில்லை, மறையவும் மறையாது. அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. புதிதாக விரிந்த நான்கைந்து இலைகளைப் பார்க்க வேண்டும். அவை மாசுமருவில்லாமல் இருந்தன. நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “மழை ஈரத்துக்குப் போயிருக்கும்” என்றார். குடிலுக்குள் என்ன மழை!

இதற்கு நடுவில் நான் கெடுக்கப் பார்த்த இடங்கள் இரண்டு. ஒன்று, சாம்பல்நோய். கீழிலைகளில் வெள்ளைப் பொடி தெரிந்ததும் பழக்கதோஷத்தில் கந்தகத்தை எடுத்துவிட்டேன். கந்தகம் வேட்டைப்பேனுக்கு ஆகாது. பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் நினைவு வந்தது. நோய் கண்ட இலைகளைக் கழித்து, காற்றோட்டம் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டேன். மற்றொன்று அந்தக் கழித்த இலைகள். வழக்கம்போல வெளியே கொண்டுபோய்க் கொட்டப் போனவன், சும்மா ஒன்றைத் திருப்பினால் அடியில் எட்டு வேட்டைப்பேன். காசு கொடுத்து வாங்கியதைக் கூடையில் அள்ளிக் குப்பையில் போட இருந்தேன். இப்போதெல்லாம் நோயில்லாத கீழிலைகளைக் கழித்தால் கொடியின் அடியிலேயே ஒரு நாள் கிடக்கவிடுகிறேன். இலை வாட வாட அவை ஏறி மேலே போய்விடுகின்றன.

வெயில் முற்றிய ஒரு வாரம் குடிலுக்குள் 34 டிகிரி. அந்தச் சூட்டில் பெர்சிமிலிஸ் சுணங்கிவிடும், சிலந்திப்பேனுக்கோ கொண்டாட்டம். அதனால் நியோசீயுலஸ் கலிஃபோர்னிகஸ் என்ற இன்னொரு வேட்டைப்பேனையும் கொஞ்சம் விட்டேன். இது சூட்டையும் வறட்சியையும் அதிகம் தாங்கும், இரை குறைந்தால் மகரந்தத்தைத் தின்றுகூட உயிர் பிழைத்துக் கிடக்கும். தின்னும் வேகம் மட்டு. தீயணைக்க பெர்சிமிலிஸ், இரவுக்காவலுக்குக் கலிஃபோர்னிகஸ் என்று பிரித்து வைத்துக்கொண்டேன். இலைப்பேனுக்கும் வெள்ளை ஈக்கும் சுவிர்ஸ்கி என்று வேறொன்று இருக்கிறது. அது தனிக்கதை.

எல்லாம் அடங்கி ஐந்து வாரம் கழித்து, அதே கதவோரத்தில், அதே வரிசையில் மறுபடி ஊசிப்புள்ளி. தேடிப் பார்த்தால் பெர்சிமிலிஸ் ஒன்றுகூட இல்லை. கோளாறு எதுவும் இல்லை. இது சிலந்திப்பேனைத் தவிர வேறெதையும் தின்று பெருகாது. இரை தீர்ந்ததும் ஒன்றையொன்று கடித்தும், பட்டினியிலும், இடம்பெயர்ந்தும் தீர்ந்துபோயிருக்கிறது. நன்றாக வேலை செய்ததற்கு அதற்குக் கிடைத்த கூலி அது. வெளியிலிருந்து என் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டு புதுச் சிலந்திப்பேன் வந்திருக்க வேண்டும். நான் கதவருகே நின்று சட்டையை உதறும் பழக்கம் எனக்கே தெரியும்.

ஒவ்வொரு முறையும் புட்டி வாங்க முடியாது என்று தொட்டிகளில் பீன்ஸ் விதைத்து நானே வளர்க்க ஆரம்பித்தேன். பூச்சியை வேண்டுமென்றே வளர்ப்பதா என்று பல விவசாயிகள் முகம் சுளிக்கிறார்கள். குடிலுக்கு வெகு அருகில் செய்தால் அந்தப் பயம் நியாயம்தான். நான் தள்ளி, மூன்று தனித்தனி இடங்களில் வைத்திருக்கிறேன்: சுத்தமான பீன்ஸ் நாற்று ஓரிடம், சிலந்திப்பேன் ஏற்றிய பீன்ஸ் ஓரிடம், வேட்டைப்பேன் விட்டது ஓரிடம். வாரம் ஒரு தட்டு விதைப்பு. இரண்டு பெரிய இலை விரிந்ததும் சிலந்திப்பேன் இருக்கும் இலைத்துண்டை மேலே போடுவேன். ஒரு வாரம் பத்து நாளில் இலை வெளுக்கும். அப்போது மூன்றாம் இடத்துக்கு மாற்றி வேட்டைப்பேனை விடுவேன். அது பெருகி, சிலந்திப்பேன் தீர்கிற தறுவாயில் இலைகளை வெட்டிக் கொண்டுபோய் வெள்ளரிக் கொடியில் தொங்கவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் வேட்டைப்பேன்கள் தொட்டி விளிம்பில் ஏறி ஓடிக்கொண்டிருக்கும்.

தண்ணீர் ஊற்றும் வரிசை மாறக்கூடாது. முதலில் சுத்தமான நாற்று, பிறகு சிலந்திப்பேன், கடைசியில் வேட்டைப்பேன். ஒரு காலை அவசரத்தில் தலைகீழாகச் செய்துவிட்டேன், அதே சட்டையோடு. பத்தே நாளில் என் சிலந்திப்பேன் கூட்டம் முழுவதையும் வேட்டைப்பேன் தின்று தீர்த்துவிட்டது. அன்றைக்குக் குடில் முழுக்கச் சுற்றி, கொடி கொடியாக இலையைத் திருப்பிச் சிலந்திப்பேன் தேடினேன். ஒன்றுகூட அகப்படவில்லை. அகப்படாததற்கு வருத்தப்பட்டேன்!

கடைசியில் வேலியோரத்துக் களைச்செடி ஒன்றில்தான் கிடைத்தது. அதன் மூன்று இலையைப் பறித்துவந்து, வேட்டைப்பேன் ஏதும் கூடவே இருக்கிறதா என்று லென்ஸில் பார்த்துவிட்டு, புதுப் பீன்ஸ் தட்டில் வைத்திருக்கிறேன். கதவோர வரிசையின் சிவப்புக் கவ்விகளை எடுக்கவில்லை. சட்டை உதறும் இடத்தை மட்டும் வெளியே மாற்றிவிட்டேன்.